பழைய டிராக்டர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

காவிரியில் தண்ணீர் வந்ததும் டெல்டாவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சேற்றுழவு வேண்டியிருக்கிறது. வாடகை வண்டிக்குக் காத்திருப்பதற்குள் நாற்று முற்றிவிடுகிறது. எனவே மூன்று, நான்கு ஏக்கர் உள்ளவர்களும் பழைய டிராக்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்க எண்ணுவது இயல்பே. முன்பு இதற்குத் தரகரை நாடினோம். இப்போது படமும் விலையும் கைபேசியிலேயே வந்துவிடுகின்றன. மோசடியும் அதே வழியில் வருகிறது.

ஒரத்தநாடு பகுதி விவசாயி ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். "கடனுக்காகக் கைப்பற்றிய டிராக்டர், பாதி விலை" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவர் ஆர்.சி. புத்தகத்தின் படத்தையும் அனுப்பி, "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், முன்பணம் போட்டால் வண்டி உங்களுக்கே" என்றாராம். மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். பிறகு லாரி வாடகை என்றும், வரி என்றும் இருமுறை அனுப்பினார். அத்துடன் தொடர்பு அறுந்தது. வெட்கப்பட்டுப் பத்து நாள் எவரிடமும் சொல்லவில்லை. பணத்தை மீட்கும் வாய்ப்பு பெரும்பாலும் அந்தப் பத்து நாளில்தான் நழுவியது.

முதல் விதி

வண்டி, ஆர்.சி. புத்தகம், அதில் பெயருள்ள உரிமையாளர் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் நேரில் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பக்கூடாது. சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலை, அவசரப்படுத்தும் பேச்சு, நேரில் வரவேண்டாம் என்ற சாக்கு ஆகியவை மோசடியின் அடையாளங்கள். பணம் பெறுவதற்கு இரகசியப் பின் எண் தேவையில்லை. எவர் கேட்டாலும் அதைச் சொல்லாதீர்கள்.

ஆவணங்கள்

சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே வண்டியில் இருக்கின்றனவா என்று துடைத்துப் பாருங்கள். சுரண்டியோ மறுபடி பொறித்தோ இருந்தால் வாங்க வேண்டாம். பதிவு எண்ணைப் 'பரிவாகன்' அரசு இணையதளத்திலும் சரிபாருங்கள். புத்தகத்தில் கடன் அடமானப் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிச் சான்றும் படிவம் 35-ம் தேவை. இல்லையேல் பழைய கடனுக்கு உங்கள் வண்டியைக் கொண்டுபோவார்கள். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையொப்பம் பெறுங்கள். வெளிமாநில வண்டியானால் படிவம் 28-ன்படி தடையில்லாச் சான்று வேண்டும். வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இயந்திரச் சோதனை

நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது இயக்கிப் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. நம் பகுதி வண்டிகள் சேற்றில் உழல்பவை. ஆகவே அச்சு ஆயில் சீல்களில் கசிவு உள்ளதா என்று பாருங்கள். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஹைட்ராலிக்கில் ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்துங்கள். விரைவில் தானே இறங்கினால் செலவு காத்திருக்கிறது. மீட்டர் குறைந்த மணி காட்டியும் கிளட்ச், பிரேக் மிதிகள் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள்.

ஏமாந்துவிட்டால்

உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க முயல்வார்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பணம் அனுப்பிய ரசீதையும் உரையாடலையும் அழிக்காதீர்கள். ஏமாந்தது குற்றமல்ல, மறைப்பதுதான் ஏமாற்றியவனுக்கு உதவி.

வாங்குவதற்கு முன் ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை இருக்கும் என்று கணக்கிடுங்கள். வேலை குறைவானால், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் இயந்திரங்களுக்கு 'உழவன்' செயலியில் முன்பதிவு செய்யலாம். ஒரு பருவம் பொறுத்தாலும் பொறுக்கலாம்; பார்க்காத வண்டிக்கு நகையை அடகு வைக்கலாகாது.