சுருக்கத்தால் நேர்ந்த வழுவும் அதன் திருத்தமும்

நூலுக்குரிய குற்றங்களைப் பத்தென வகுத்த நன்னூலார், குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் அவற்றுள் வைத்து எண்ணினர். இவற்றை வகுப்பிற் பாடங்கேட்ட நாளில், குன்றியதை நிரப்புவதே அரிதென்றும், மிகையைக் களைதல் எளிதும் தீங்கற்றதுமாம் என்றும் யாம் கருதினோம். அக்கருத்து முற்றும் பொருந்தாதென எமக்கு உணர்த்தியது கணினியேயாம். மிகையென்று கருதி நீக்கப்பட்ட ஒரு வரி உண்மையிற் காவலாக இருந்த வரலாற்றையும், அக்குறை தீர்க்கப்பட்ட வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண் எம் அனுபவம் ஒன்று. ஒரு நூலில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை பயின்று வருகின்றதென எண்ணுதற்குச் சென்ற ஆண்டு ஸி மொழியிற் சிறு நிரலொன்று எழுதினோம். அது செவ்வனே நடந்தது. இன்னும் விரைந்து நடக்கட்டுமென்று கம்பைலரை 'உகப்பாக்கம்' செய்யுமாறு ஏவினோம்; உடனே விடைகள் பிழைபட்டன. நிரலில் ஓரெழுத்தும் மாற்றினோமல்லேம். ஆதலின் குற்றம் கம்பைலரினதே எனத் துணிந்து கணினித்துறை ஆசிரியரிடம் முறையிட்டோம். அவர் நிரலை ஒருமுறை பார்த்து, எண்ணிக்கையைத் தாங்கும் மாறிக்குத் தொடக்கத்திற் பூச்சியம் என மதிப்புக் கொடாது விட்டிருந்தமையைச் சுட்டிக் காட்டினார். முன்னர் அவ்விடத்தில் தற்செயலாகப் பூச்சியம் இருந்தது. பின்னர் வேறெதுவோ இருந்தது. யாம் நாணித் திரும்பினோம். எனினும், கம்பைலர் நிரலை எவ்வாறு மாற்றுகின்றது, அம்மாற்றத்தால் தீங்கு வருமாயின் யாவர் எங்ஙனம் திருத்துவர் என்னும் வினாக்கள் எம்மை விடவில்லை.

கம்பைலர் என்பது யாதெனின், மக்கள் எழுதும் நிரலைக் கணினிப்பொறி அறியும் குறிகளாகப் பெயர்த்துத் தரும் மென்பொருளாகும். 1957-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பாக்கஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் போர்ட்ரான் மொழிக்குரிய கம்பைலரை வெளியிட்டனர். வல்லார் தம் கைப்பட எழுதும் பொறிக்குறிகளுக்கு ஒப்பான விரைவு கம்பைலரின் பெயர்ப்புக்கும் இல்லையேல் அதனை எவரும் விரும்பாரென உணர்ந்து, சொற்படி பெயர்ப்பதோடு நில்லாது நிரலைச் செப்பஞ் செய்தும் தருமாறு அதனை அமைத்தனர். இச்செப்பஞ் செய்தலே உகப்பாக்கம் எனப்படும். இத்துறையில் அரும்பணி புரிந்த பிரான்சஸ் ஆலன் என்னும் அம்மையார், 2006-ஆம் ஆண்டிற்குரிய டூரிங் பரிசைப் பெற்றார். அப்பரிசு பெற்ற முதற் பெண்மணி அவரே.

உகப்பாக்கம் பலவகைப்படும். ஒருநாளின் வினாடிகளை 24 × 60 × 60 என நிரலில் எழுதினால், கம்பைலர் தானே பெருக்கி 86,400 என வைத்துவிடும். ஒரு சுற்றினுள் ஆயிரமுறை செய்யப்படும் மாறாத கணக்கைச் சுற்றுக்கு வெளியே கொணர்ந்து ஒருமுறையே செய்யும். எவ்வாற்றானும் பயன்படாதெனத் தெளிந்த வரியை அறவே நீக்கிவிடும். நாம் கூறப்புகும் கதை இக்கடைசி வகையைச் சார்ந்தது.

இங்கு நேயர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஸி மொழியின் விதிநூல் நிரலாளருக்கும் கம்பைலருக்கும் இடையே நிற்கும் உடன்படிக்கை போல்வது. சில செயல்களின் விளைவு இன்னதென அந்நூல் வரையறுப்பதில்லை. நிரலாளர் அவற்றைச் செய்யார் என நம்பியே கம்பைலர் தன் பணியை நடத்தலாம். மதிப்புக் கொடாத மாறியை எடுத்தாளுதல் அவற்றுள் ஒன்று. வெற்றுச் சுட்டியின்வழி நினைவகத்தை நாடுதல் மற்றொன்று. சுட்டி என்பது நினைவகத்தில் ஒரு பொருள் இருக்கும் முகவரியைத் தாங்குவது. பொருள் யாதும் இல்லையாயின் அச்சுட்டியிற் பூச்சியத்தை இடுவர். அதுவே வெற்றுச் சுட்டி.

லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் எனப்படும் உட்கருவில், 'டன்' என்னும் பெயருடைய பகுதியொன்று உண்டு. கணினிக்கு மெய்யான வலைக்கருவி போலத் தோன்றும் ஒரு போலிக்கருவியை அமைத்துக் கொடுப்பது அதன் தொழில். 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பகுதியில் புகுத்தப்பட்ட ஒரு மாற்றத்தால், இரண்டு வரிகள் முறைபிறழ்ந்து அமைந்தன. முன்வரி, சுட்டியின்வழிச் சென்று ஒரு மதிப்பை எடுத்துவந்தது. பின்வரி, அச்சுட்டி வெற்றாயின் பிழையென அறிவித்துத் திரும்புக என்றது.

ஓர் ஏவலாளனிடம், "அவ்வீட்டினுட் சென்று விளக்கை எடுத்து வா, பின்பு அங்கே வீடொன்று உளதோவெனப் பார்" என்று ஒருவர் கூறினால் எப்படியோ, அப்படிப்பட்டது இது. கூரிய அறிவுடைய ஏவலாளன், "உள்ளே சென்று விளக்கைக் கொணர்ந்தேனாதலின் வீடு உளதென்பது தெளிவு, பின்னைய ஏவல் மிகை" என விட்டுவிடுவான். ஜி.ஸி.ஸி. என்னும் கம்பைலர் அவ்வாறே செய்தது. சுட்டியின்வழிச் சென்றாயிற்று, ஆகவே அது வெற்றன்று, ஆகவே சோதனை வேண்டா என முடிவுகட்டிச் சோதனை வரியை நீக்கிற்று.

பெரும்பாலும் பூச்சியமுகவரியை நாடும் நிரல் அங்கேயே நின்றுவிடும். அதனால் தீங்கு அந்த அளவில் ஒழியும். ஆனால், அக்காலத்துச் சில நிலைமைகளில் ஒரு சாதாரணப் பயனரே பூச்சியமுகவரியில் தாம் விரும்பிய தரவுகளை வைத்துக்கொள்ளக் கூடியதாயிருந்தது. அங்ஙனம் வைத்துவிட்டு, கருவியோடு இணைக்காமலே 'டன்' கோப்பைத் திறந்து வினவினால், கெர்னல் அவ்வஞ்சத் தரவுகளை மெய்யென நம்பி மேற்செல்லும். தடுக்க வேண்டிய சோதனையோ அங்கில்லை. முடிவில் அப்பயனர் கணினி முழுமைக்கும் தலைவராகிவிடலாம். 2009 ஜூலையில் பிராட் ஸ்பெங்லர் என்பார் இதனைச் செய்து காட்டியபோது கணினியுலகம் திடுக்கிட்டது. நிரலைக் கண்ணாற் படித்தவர் யாவர்க்கும் சோதனை வரி தெளிவாகத் தோன்றிற்று. ஏட்டில் இருந்த அக்காவல் பொறியில் இல்லை என்பதனை ஏட்டைப் படித்து அறிதல் எவ்வாறு இயலும்?

இனித் திருத்தத்தின் தன்மையைக் காண்போம். மென்பொருளிற் செய்யும் சிறு திருத்தத்தை ஆங்கிலத்தார் வழக்கைப் பின்பற்றிப் 'பேட்ச்' என்பர். நம் மொழியில் 'ஒட்டு' எனலாம். முற்காலத்தில் நிரல்கள் தாளில் துளையிட்டுக் குறிக்கப்பட்டபோது, தவறான துளையின்மேல் தாள்துண்டை ஒட்டித் திருத்தினமையின் இப்பெயர் வந்தது. இக்காலத்து ஒட்டோ, நீக்கும் வரியின்முன் கழித்தற் குறியும் சேர்க்கும் வரியின்முன் கூட்டற் குறியும் இட்ட ஒரு சிறு கோப்பு. அதனைக் கொண்டு நிரலைத் தானே திருத்தும் மென்பொருளை லாரி வால் என்பார் 1985-இல் வெளியிட்டார்.

'டன்' பகுதிக்கு இட்ட ஒட்டு மிகச் சிறியது. மதிப்பை எடுக்கும் செயல் சோதனைக்குப் பின் வருமாறு இடம் மாற்றப்பட்டது, அவ்வளவே. ஆயினும், இலட்சக்கணக்கான வரிகளையுடைய கெர்னலில் இத்தகைய முறைபிறழ்வு வேறெங்கும் இல்லையென யாவர் உறுதி கூறுவர்? ஆதலின், வெற்றுச் சுட்டிச் சோதனைகளை நீக்கற்க எனக் கம்பைலரைப் பணிக்கும் கட்டளைக்குறி ஒன்றையும் அதே மாதத்திற் கெர்னலின் ஆக்கவிதிகளிற் சேர்த்தனர். முன்னைய ஒட்டு நேர்ந்த பிழையை ஆற்றிற்று. பின்னையது நேரக்கூடிய பிழைகளுக்கு அரணாயிற்று. உகப்பாக்கத்தின் ஒரு சிறு பயனை இழந்தேனும் காவலைப் பேணுதல் நன்றென அவர்கள் தேர்ந்தனர்.

இக்கதையிற் கம்பைலர் விதியை மீறவில்லை. அங்ஙனமாயின் கம்பைலர் ஒருநாளும் தவறாதோ எனின், தவறும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 'ஸிஸ்மித்' என்னும் மென்பொருளை அமைத்து, குறிப்பின்றித் தோன்றும் ஸி நிரல்களைப் பல கம்பைலர்களுக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டனர். ஒன்றன் விடை பிறவற்றோடு மாறுபட்டால் அங்கே பிழை உளதென்பது தெளிவு. இவ்வழியே முன்னர் அறியப்படாத 325-க்கு மேற்பட்ட பிழைகளைக் கண்டறிந்து தெரிவித்ததாக 2011-இல் அவர்கள் வெளியிட்டனர். பிரான்சு நாட்டுச் சேவியர் லெராய் முதலியோர் கணித முறையால் மெய்ப்பித்து அமைத்த காம்ப்ஸெர்ட் என்னும் கம்பைலரில், மெய்ப்பிக்கப்படாத பகுதிகளிற் சில பிழைகள் அகப்பட்டனவேயன்றி, மெய்ப்பிக்கப்பட்ட உகப்பாக்கப் பகுதியில் அத்தகையன அகப்படவில்லை.

கம்பைலரிலேயே பிழை உண்டாயின் அதனைத் திருத்துவோர் கையாளும் முறை பின்வருமாறு: முதலிற் பிழைபடும் நிரலை வரிவரியாகக் குறைத்து, பிழை இன்னும் தோன்றும் மிகச் சிறிய நிரலாக்குவர். பின்னர் உகப்பாக்கப் படிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து எப்படியிற் பொருள் திரிந்ததெனக் காண்பர். அப்படிக்கு ஒட்டெழுதி, அப்பிழை மீண்டும் புகாதிருக்கக் குறைத்த நிரலைச் சோதனைத் தொகுதியிற் சேர்ப்பர். இத்துடன் வேலை முடிந்ததென எண்ணலாகாது. கம்பைலரைத் திருத்தியதனால், அது முன்னரே பெயர்த்துத் தந்த நிரல்கள் திருந்திவிடா. அவற்றை மீண்டும் பெயர்த்தே ஆகல் வேண்டும். பிழைபட்ட அச்சுப்படியைத் திருத்தினும், விற்றுப்போன பிரதிகள் திருந்தாமை போலும் இது.

நிரலாளரும் கம்பைலரும் தத்தமக்குரிய நியாயத்தோடு நடந்திருந்தும், இருவரும் ஒரே வரியை வெவ்வேறு பொருளிற் படித்தமையால் தீங்கு விளைந்தது. மூலத்தை எழுதினார் கருத்து ஒன்றும் உரை கொண்டார் கருத்து வேறொன்றுமாக நிற்கும் இடர்ப்பாடு தமிழ் கற்கும் எமக்குப் புதிதன்று. ஒரு சொல்லை மிகையெனத் தள்ளுமுன், அஃது அங்கே எதற்காக நின்றதென வினவுதல் உரைகாண்பார்க்குக் கடன். கூறவேண்டியதை முறைபிறழாது கூறுதல் நூல்செய்வார்க்குக் கடன். சொல்லெண்ணும் எம் சிறு நிரலில் விடுபட்ட அப்பூச்சியத்தை இட்டு, மீண்டும் உகப்பாக்கத்தோடு ஓட்டினோம். இம்முறை விடைகள் சரியாக வந்தன. கம்பைலரைப் பழித்த எம் சொல்லையும் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.