சிறு தொழிலாளரும் சந்தைச் சுதந்திரமும்

தன் சரக்கை விற்பதற்கு ஒரே வியாபாரியை நம்பியிருக்கும் தொழிலாளி பெயரளவில்தான் சுதந்திரன். இவ்வுண்மை கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் செய்யும் இக்காலத்துக் கைத்தொழிலுக்கும் பொருந்தும். விளையாட்டைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவானேன் என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். உழைப்பின் பலன் யார் கையில் தங்குகிறது என்பதே இங்கு விஷயம்.

அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெருங் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த கைல் கேப்ளர், ரான் கார்மெல் என்ற இருவர் அதை உதறிவிட்டு வெளியேறினர். சொந்தச் சேமிப்பிலிருந்து சுமார் 10,000 டாலர் செலவிட்டு ‘வேர்ல்ட் ஆப் கூ’ என்ற விளையாட்டை உருவாக்கினர். பசை போன்ற உருண்டைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கோபுரமும் பாலமும் கட்டிக் குழாயின் வாயை எட்ட வேண்டும். பாரம் ஒரு பக்கம் மிகுந்தால் கட்டடம் சரிந்துவிடும். பௌதிக சாஸ்திரமே இதில் புதிர்.

2008 அக்டோபரில் இது விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் நிண்டெண்டோவின் ‘வீ’ யந்திரத்துக்கும் வெளிவந்தது. பின்னர் மக்கின்டாஷுக்கும், 2009 பிப்ரவரியில் லினக்ஸுக்கும், 2010-ல் ஐபேடுக்கும், 2011-ல் ஐபோன், ஆண்ட்ராய்டு கருவிகளுக்கும் சென்றது. ஒவ்வொரு யந்திரத்துக்கும் மாற்றியமைப்பது எளிதன்று. ஓரிடத்தில் சுட்டும் கோல், ஓரிடத்தில் மவுஸ், ஓரிடத்தில் விரல்; திரையின் அளவும் கணக்கிடும் வேகமும் வேறு வேறு. சிறு முதலுடையோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதே விவேகம். இவர்களும் அப்படியே செய்தனர்.

சிறுபான்மையோரின் சந்தை என்று அலட்சியம் செய்யப்பட்ட லினக்ஸ் அவர்களைக் கைவிடவில்லை. அப்பதிப்பு வெளியான நாளில் அவர்களுடைய சொந்த வலைத்தளத்தில் நடந்த விற்பனை, அதற்கு முந்திய உச்ச விற்பனை நாளைவிட நூற்றுக்கு 40 பங்கு அதிகம்.

கம்ப்யூட்டர் பதிப்புக்கு அவர்கள் பிரதி செய்வதைத் தடுக்கும் பூட்டு எதுவும் போடவில்லை. விளையாடுவோரில் நூற்றுக்குச் சுமார் 82 பேர் காசு கொடாதவர்கள் என்று 2008 நவம்பரில் அவர்களே மதிப்பிட்டனர். அப்போதும் பூட்டை நாடவில்லை. 2009 அக்டோபரில், விரும்பிய விலையைக் கொடுங்கள் என்று ஜனங்களிடமே விட்டுவிட்டனர். ஒரு வாரத்துக்குள் சுமார் 57,000 பேர் வாங்கினர். ஒரு சென்ட் மட்டும் கொடுத்தோர் பலர். ஆயினும் சராசரி 2 டாலருக்குக் குறையவில்லை.

பிறர் கடையில் விற்பவன் அக்கடைக்காரனின் நிபந்தனைக்கு உட்பட்டவன். 2008-ல் ஆப்பிள் தன் ஐபோன் கடையைத் திறந்தபோது விலையில் நூற்றுக்கு 30 பங்கைத் தனக்கென எடுத்துக்கொண்டது. அதைவிடப் பெரிய அபாயமும் உண்டு. 2019 ஜனவரியில் நிண்டெண்டோ ‘வீ’ யந்திரத்தின் கடையை மூடிவிட்டது. அங்கு மட்டுமே விற்கப்பட்ட விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்க அன்றுமுதல் வழியில்லாது போயிற்று. ‘வேர்ல்ட் ஆப் கூ’வோ பல சந்தைகளில் இருந்தமையால் பிழைத்தது.

பெரிய கடைகளைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயமன்று. அவற்றின் மூலமும் விற்கலாம். ஆனால் அவற்றில் ஒன்றை மட்டும் நம்பி ஜீவிப்பது ஆபத்து. இத்தொழிலில் புகும் வாலிபர்கள் தம் படைப்பைப் பல யந்திரங்களுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். எவ்வளவு சிறிதாயினும் தமக்கென ஒரு சொந்தக் கடையையும் வைத்துக்கொள்ள வேண்டும். பிறர் சாத்த முடியாத கதவு அது ஒன்றே.