வீட்டு மொழியும் ஆங்கில அறிவும்

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. சென்ற மாதம் அவ்வீட்டு அம்மையார் என்னிடம், “வீட்டிலே தமிழை நிறுத்திவிட்டோம், தம்பி. அப்போதுதானே பையனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்?” என்றார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி அருகில் அமர்ந்திருந்தார். தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர். பேரனோ அவரிடம் நான்கு சொல் பேசத் திணறினான்.

அம்மையாரின் நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா? அறிவியல் மாணவன் என்ற முறையில் எண்களைத் தேடினேன்.

முதலில் நம் நாட்டு மக்கள் கணக்கெடுப்பைக் காண்போம். அது ஒருவரின் தாய்மொழியையும், அவர் அறிந்த வேறு இரு மொழிகளையும் கேட்கிறது. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே தாய்மொழி என்பது அதன் விளக்கம். இன்று வீட்டில் எம்மொழி புழங்குகிறது என்றோ, ஆங்கிலம் எவ்வளவு நன்றாக வரும் என்றோ அது கேட்பதில்லை. 2011-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்றவர் ஏறத்தாழ 2,60,000 பேர். இரண்டாம், மூன்றாம் மொழி என்றவரையும் சேர்த்தால் தொகை 12 கோடியைத் தாண்டுகிறது. ஆகவே, இந்நாட்டில் ஆங்கிலம் அறிந்தோரில் மிகப் பெரும்பாலோர் வேறு தாய்மொழியில் வளர்ந்தவர்களே!

அமெரிக்காவில் இரண்டையும் தனித்தனியே கேட்கிறார்கள்: வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசுகிறீர்களா? ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள்? 2019-இல் வீட்டில் வேறு மொழி பேசியவர் சுமார் 6 கோடியே 78 லட்சம். அவர்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் ஆங்கிலம் ‘மிக நன்றாக’ வரும் என்றனர். இது தேர்வு வைத்துக் கண்டதன்று, அவரவர் கூற்றே. ஆயினும் ஒன்று தெளிவு. வீட்டு மொழியைக் கொண்டு ஆங்கில அறிவை அளப்பது, வெப்பமானியைக் கொண்டு எடை பார்ப்பது போன்றதாகும்.

மறுபுறம் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழி, பள்ளியிலும் கற்பிக்கப்படுகிறது. எனினும், வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010-இல் நூற்றுக்கு 3.3 பேராக இருந்து, 2020-இல் 2.5 ஆகக் குறைந்தனர். ஆங்கிலமோ 32.3-லிருந்து 48.3 ஆக உயர்ந்தது. பள்ளி மட்டும் ஒரு மொழியை வீட்டில் நிறுத்திவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் உண்டு. அதன் ஏழு பள்ளிகளுள் ஒன்று மோதி பாக்கிலேயே இருக்கிறது. அங்கே கற்ற தமிழ் மாலையில் வீடு திரும்பியதும் ஊமையாகிவிடலாமா?

வீட்டில் ஆங்கிலம் பேசினால் பழக்கம் கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்துக்குப் பள்ளி உண்டு, நூல் உண்டு, அலுவலகம் உண்டு. இந்திக்குத் தெருவே உண்டு. தில்லியில் தமிழுக்கு வீட்டை விட்டால் இடம் ஏது?

2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில், எதிர்வீட்டார் மகனின் தாய்மொழி ‘தமிழ்’ என்றே சொல்வார்கள். எண்ணிக்கையில் ஒன்று குறையாது. பாட்டிக்கு மட்டும் பேச ஒரு பேரன் குறைவான். நண்பர்களே, விடுமுறைக்கு வீடு செல்லும்போது தம்பி தங்கையரிடம் தமிழிலேயே பேசுங்கள். அவர்களுடைய ஆங்கிலம் அதனால் கெட்டுவிடாது.