உங்களுக்குத் தெரியுமா? கடல் செய்வதை மெஷினும் செய்யும்!

★ கடற்கரை மணலில் சில சமயம் ஓரம் மழுங்கி, பனி படர்ந்ததுபோல் மங்கிய கண்ணாடித் துண்டுகள் கிடைக்கும். ‘கடல் கண்ணாடி’ என்பது இதுதான். என்றோ யாரோ வீசிய பாட்டில், அலையில் உருண்டு உருண்டு இந்தப் பக்குவத்துக்கு வர 20, 30 ஆண்டுகளாவது பிடிக்கும். வீட்டில் கல் உருட்டும் சின்ன மெஷின், அதாவது ‘ராக் டம்ப்ளர்’ இருந்தால் ஒரு வாரம் போதும்.

★ அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊர்க்காரர்கள் 1906 முதல் 1967 வரை குப்பையைக் கடலோரத்தில்தான் கொட்டினார்கள். மற்றதெல்லாம் மக்கியும் துருப்பிடித்தும் போக, கண்ணாடி மிஞ்சியது. இன்று அந்த இடம் ‘கிளாஸ் பீச்’ என்ற சுற்றுலாத் தலம். மாநிலப் பூங்காவுக்குள் வரும் பகுதியில் ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. குப்பைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

★ இங்கிலாந்தின் சீஹாம் கடற்கரையில் கதை வேறு. அங்கே 1853-ல் ஜான் கேண்ட்லிஷ் தொடங்கிய பாட்டில் ஆலை 1921-ல் மூடப்பட்டது. ஆலைக் கழிவு போய்ச் சேர்ந்த இடம் கடல். ஒரே துண்டில் இரண்டு மூன்று நிறங்கள் சுருண்டிருக்கும் கண்ணாடி இன்றும் அங்கே ஒதுங்குகிறது.

★ மெஷினில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. மோட்டாரில் மெதுவாகச் சுழலும் ஒரு ரப்பர் உருளை, அவ்வளவுதான். பாட்டிலைக் கனத்த துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி உடையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கனமான உறையும் கட்டாயம். உருளையில் பாதிக்குமேல், முக்கால் பாகத்துக்குள் துண்டுகளை நிரப்பி, இடையிடையே சின்னச் சின்ன பீங்கான் துண்டுகளைப் போட்டால் மோதல் மட்டுப்படும், கண்ணாடி சிதறாது. மேலே சில டேபிள்ஸ்பூன் சிலிக்கான் கார்பைடு தூள், துண்டுகள் முழுகியும் முழுகாமலும் நிற்கிற அளவுக்குத் தண்ணீர். மூடி ஓட விடவேண்டியதுதான். தினமும் ஒருமுறை திறந்து ஒரு துண்டை எடுத்துக் கழுவி, துடைத்து, காயவைத்துப் பாருங்கள். ஈரத்தோடு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்: மேற்பரப்பின் நுண்ணிய குழிகளைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் கண்ணாடி பழையபடி பளிச்சென்று தெரியும். காய்ந்தால்தான் மங்கல் தெரியும்.

★ கூழாங்கல்லை மெருகேற்றுபவர்கள் தூளைப் படிப்படியாக மாற்றி நான்கு கட்டம் ஓட்டுவார்கள். நமக்கு முதல் ஒன்றிரண்டு கட்டமே போதும். ஆசைப்பட்டுக் கடைசிவரை ஓட்டினால் மங்கல் போய் மீண்டும் பளபளப்பு வந்துவிடும்!

★ ஏன் சிலிக்கான் கார்பைடு? கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி சுமார் 5.5, மணலின் குவார்ட்ஸ் 7, இந்தத் தூளோ 9-க்கும் மேல். களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சூடாக்கிப் பார்த்தபோது 1891-ல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் கையில் கிடைத்தது இது. கார் பெயின்டர்கள் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு எமரித் தாளிலும் இருப்பது இதே தூள்தான். மணலைப் போட்டும் ஓட்டலாம்; பொறுமை வேண்டும்.

★ சிவப்புக் கடல் கண்ணாடி அபூர்வம். தங்கம் சேர்த்துக் கண்ணாடிக்குச் சிவப்பேற்றிய காலமும் உண்டு. அதைப் பாட்டிலாக்கி வீச யாருக்கு மனசு வரும்?

★ நம்ம ஊர் கோலி சோடா பாட்டில், 1872-ல் இங்கிலாந்தின் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற வடிவம். உள்ளே இருக்கும் கோலிக்காக அந்த ஊர்ப் பிள்ளைகளும் பாட்டிலை உடைத்தார்கள். மழுங்கிய பழைய கோலிகள் அங்கே இன்னமும் கரை ஒதுங்குகின்றன.

★ அசலையும் போலியையும் பிரிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். அசலில் பிறை வடிவத் தழும்புகள் கோணல்மாணலாகத் தெரியும். வருஷக்கணக்கில் தண்ணீர் கண்ணாடியிலிருந்து சோடாவைக் கரைத்தெடுப்பதால் வரும் சொரசொரப்பும் சேர்ந்திருக்கும். மெஷின் துண்டு ஒரே சீராக வழவழவென்றிருக்கும். தோடு, டாலர் செய்ய மெஷின் துண்டே தாராளம். அதைக் கடலில் கிடைத்தது என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

★ தூளை உலர்ந்த நிலையில் பறக்கவிடாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் மிஞ்சும் சேற்றுக் குழம்பைச் சிங்க்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள். குழாய்க்குள் படிந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும். பிளம்பர் வந்தாலும் குழாயை அறுத்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும்.