முள்நாறிப் பழம்

பலாப்பழத்தின் மணம் அடுத்த வீட்டை எட்டும். டுரியான் பழத்தின் மணமோ தெருக்கோடி வரை செல்லும். அது மணமா, நாற்றமா என்பதில் உண்போர்க்கும் உண்ணாதோர்க்கும் தீராத வழக்கு. மலாய் மொழியில் 'டுரி' என்பது முள். தமிழில் முள்நாறி என்று பெயரிட்டவர்களோ மூக்கையும் மறக்கவில்லை. சிங்கப்பூர் ரயில்களில் இதனை எடுத்துச் செல்லத் தடை உண்டு.

தோற்றத்தில் பலாவை ஒத்திருப்பினும், உறவு முறையில் இது பருத்தியும் இலவும் அடங்கிய குடும்பத்தைச் சார்ந்தது. நெசவாள அன்பர்கள் இதனைக் கேட்டு வியக்கக்கூடும். இதன் தாயகம் போர்னியோவும் சுமத்திராவும் ஆகும். 19ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸ், மலாக்காவில் ஒரு வீட்டினுள் இதன் நாற்றத்தைத் தாளாது ஒதுங்கினார். பின்னர் போர்னியோவில், தரையில் கிடந்த கனியொன்றைத் திறந்த வெளியில் உண்டு பார்த்து, அன்று முதல் இதன் அடியாராகிவிட்டார்!

விதையிலிருந்து முளைத்த மரம் தாயின் குணத்தை அப்படியே கொள்வதில்லை. ஆதலின் நல்ல இரகங்களை ஒட்டுக்கட்டியே பெருக்குகின்றனர். தாய்லாந்தின் 'மொன்தோங்' என்பதற்குப் பொன் தலையணை என்று பொருள். மலேசியாவில் 1993இல் பதிவான 'மூசாங் கிங்', மஞ்சள் அரசன் என்றும் வழங்கும். தாய்லாந்தில் காயை முற்றியதும் வெட்டி இறக்குவர். மலேசியாவிலோ கனிந்து தானே விழும்வரை காத்திருப்பர். இரவில் மரத்தடியில் நிற்போர் தலைக்கு மட்டும் ஆபத்து!

100 கிராம் சுளையில் ஏறத்தாழ 147 கலோரியும், 27 கிராம் மாவுச்சத்தும், 5 கிராம் கொழுப்பும், 20 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சியும் உள்ளன. பொட்டாசியமும் மிகுதி. நீரிழிவு, சிறுநீரக நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும்.

நம் நாட்டில் நீலகிரிச் சரிவிலுள்ள பர்லியாறு, கல்லாறு அரசுப் பழப்பண்ணைகளில் இம்மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன. அங்கு விளைந்த சில பழங்களுக்கே பெரும் போட்டி. இதனை உண்டால் மகப்பேறு வாய்க்கும் என்னும் நம்பிக்கையே காரணம். தணிக்கைக்குச் சென்ற சங்கமொன்றில், 'குடும்பச் செலவு' என்று எழுதிக் கடன் கேட்ட ஓர் அங்கத்தினரை நாம் விசாரித்தோம். நெடுநேரம் தலைகுனிந்திருந்து, இப்பழம் வாங்கத்தான் என்றார். மணமாகி ஒன்பது ஆண்டுகளாம். நமக்குச் சினம் வரவில்லை. எனினும், அந்நம்பிக்கை மருத்துவச் சோதனையால் நிறுவப்பட்டதன்று என்பதைச் சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை. சுவைக்காக வாங்குவோரை நாம் தடுப்பாரில்லை. மகவு வேண்டிக் கடன்படும் அன்பர்கள், அத்தொகையைக் கொண்டு முதலில் கணவன், மனைவி இருவருமே மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அவரிடமும் இதையே சொன்னோம்.