காது நுனியில் ஒரு சொட்டு

மெட்ராஸில் வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறி நரி வேட்டையாடிய காலம் அது. அதற்கென்றே ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்றொரு சங்கமும், சங்கத்துக்கென்று வேட்டைநாய்களும் இருந்தன. 1910இல் டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற ஆய்வாளர், அதுவரை யாரும் விவரித்திராத ஓர் ஒட்டுண்ணியை அந்த நாய்களின் ரத்தத்தில் கண்டு எழுதினார். பிறகு நரிகளின் ரத்தத்திலும் அது கிடைத்தது. இன்று அதன் பெயர் பபீசியா கிப்சோனி. உண்ணி கடித்துப் பரவும் இந்த உயிரி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, கடைசியில் அதையே உடைத்துவிடும். காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும், நாய் சோற்றுத் தட்டை ஏறெடுத்தும் பார்க்காது.

நுண்ணோக்கியில் ரத்தம் பார்ப்பதுதான் இன்றும் முதல் சோதனை. காது நுனியைக் குத்தி முதல் சொட்டை எடுப்பார்கள். ஒட்டுண்ணி புகுந்த அணுக்கள் அங்குள்ள நுண்குழாய்களில் தேங்கி நிற்க வாய்ப்பு அதிகம். சொட்டை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, உலர்த்தி, மெத்தனாலில் நனைத்து, கீம்சா சாயம் ஏற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். நாயின் சிவப்பணு சுமார் 7 மைக்ரான் அகலம். அதற்குள் கிப்சோனி 1 முதல் 3 மைக்ரான் அளவில் குட்டி மோதிரம்போல் தெரியும். அதன் உறவான பபீசியா வோகெலி பெரியது. பெரும்பாலும் பேரிக்காய் வடிவில் ஜோடியாக இருக்கும். பெரியதற்கு இமிடோகார்ப் ஊசி நன்றாகக் கேட்கும். சிறியது அதற்கு எளிதில் மசியாது. அடோவாகோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். ஆகவே, இருக்கிறதா என்பதோடு எது இருக்கிறது என்பதையும் ஸ்லைடு சொல்லியாக வேண்டும்.

நோய் தீவிரமாக இருக்கும்போது ஒட்டுண்ணி கண்ணில் பட்டுவிடும். நாள்பட்ட நோயில் அப்படியல்ல. நூறு சிவப்பணுவில் ஒன்றில்கூட ஒட்டுண்ணி இல்லாமல் போகலாம். போதாததற்கு, சிவப்பணுவின் மேல் வந்து உட்கார்ந்த ரத்தத் தட்டணு, ஒட்டுண்ணி வேஷம் போட்டு ஏமாற்றும்.

அங்கேதான் பிசிஆர் கைகொடுக்கிறது. ஒட்டுண்ணியின் டிஎன்ஏவில் குறிப்பிட்ட துண்டை மட்டும் அது திரும்பத் திரும்பப் பிரதியெடுக்கும். சுற்றுக்குச் சுற்று இரட்டித்தால், 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தப்பியது இதில் சிக்கும், இனமும் தெரியும். ஆனால் எடுத்த சொட்டில் ஒட்டுண்ணியே இல்லையென்றால் பிசிஆர் எதைப் பெருக்கும்? நோயைச் சுமந்து திரியும் நாயின் ரத்தத்தில் அதன் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சிகிச்சை முடிந்த பிறகும் இடைவெளி விட்டு மறுபடி சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

எதிர்ப்புப்பொருள் சோதனை கேட்பது வேறு கேள்வி. திருடன் வீட்டுக்கு வந்தானா என்பதற்கு அது தடயம் காட்டும். இன்னும் உள்ளே இருக்கிறானா என்று சொல்லாது. நேற்றுதான் நுழைந்தவன் என்றால் தடயமே இருக்காது.

ரத்தத்தில் இருப்பதற்கு இவை என்றால், குடல் புழுவுக்கு மலச் சோதனை. உப்பு கரைத்த தண்ணீரில் கோழிமுட்டை மிதக்குமே, அதே கணக்குதான். அடர்த்தியான உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் மலத்தைக் கலக்கிச் சுழற்றினால் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் மேலே வந்துவிடும். இங்கும் ஓட்டை உண்டு. சாட்டைப்புழு குடலேறி முட்டையிட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை நாய் மெலியலாம், ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும். நாடாப்புழுவோ அரிசிமணிபோல் துண்டு துண்டாக வெளியேறும். அதை லேபைவிட வீட்டுக்காரர்தான் முதலில் பார்ப்பார்.

ஆக, ‘நெகட்டிவ்’ என்று அச்சடித்த தாளை இப்படி வாசிக்க வேண்டும்: இன்று, இந்தச் சொட்டில், இந்த வழியில் தென்படவில்லை. உண்ணி பிடுங்கியது எப்போது, புழு மருந்து கொடுத்தது எப்போது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாய் இன்னும் வாடியே கிடந்தால், அடுத்த சொட்டு எப்போது எடுக்கலாம் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.