அடைமழைக்கு முன் கிடங்கைக் காப்போம்

ஐப்பசி பிறந்தால் புதுவாயல் வட்டாரத்தில் வானம் மூடிக்கொள்கிறது. கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று; மண்ணிலோ ஓதம். மழை நான்கு நாள் நீடித்தால் கிடங்குச் சுவரைத் தொட்ட கை ஈரமாகிறது. 2015 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் நம் அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வெள்ளம் புகாத கிடங்கிலும் சரக்கு கெடுவதுண்டு.

ஒரு தை மாதத்தில் நெசவாளர் சங்கம் ஒன்றின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றோம். ஏட்டில் இருந்த நூல் முழுவதும் கிடங்கில் இருந்தது. ஒரு சிட்டமும் குறையவில்லை. எனினும் அடிக்கட்டுகளைப் புரட்டியபோது கரும்புள்ளிகளைக் கண்டோம். பூஞ்சணம் பிடித்த நூல் சாயத்தைச் சீராக ஏற்காது, தறியில் அறும். கட்டைத் தரையில் வைத்தவர் ஒருவர். கூலி இழந்தவர் வேறொருவர். முந்தைய ஆண்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்ட நமக்கும் அதில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பூஞ்சணத்திற்கு வேண்டியது ஈரம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70க்கு மேல் நின்றால் அது வளரத் தொடங்கும். பருத்தி தானே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கஞ்சி போட்ட பாவோ அதற்கு உணவுமாகிறது. விவசாய அங்கத்தினர்களும் கவனிக்க வேண்டும்: இருப்பு வைக்கும் நெல்லில் ஈரம் 14 சதவீதத்திற்கும், நிலக்கடலைக் காயில் 8 சதவீதத்திற்கும் மேற்படலாகாது. பூஞ்சணம் பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அது ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முற்றிலும் நீங்காது.

செய்ய வேண்டியவை எளியவையே. புரட்டாசி முடிவதற்குள் கூரையின் ஒழுக்கை அடைத்து, சுவரோரம் நீர் தேங்காதபடி வாய்க்கால் வெட்டுக. தரையில் பாலிதீன் விரித்து, அதன்மேல் மரச்சட்டங்களை இட்டு அடுக்குக. சுவருக்கும் அடுக்கிற்கும் இடையே இரண்டடி விடுக. ஈர மூட்டையை உலர்ந்த மூட்டையோடு சேர்க்கலாகாது. மழை நாளிலும் பனிக் காலையிலும் சன்னல்களை மூடி, வெயில் ஏறியபின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்திடுக. பாச்சை உருண்டை பூச்சிக்கே மருந்து, ஓதத்தைப் போக்காது. வாரம் ஒருமுறை அடிவரிசையைப் புரட்டிப் பார்த்து, பார்த்தவர் பெயரை ஏட்டில் எழுதுக. காப்பீட்டில் வெள்ளச் சேதமும் அடங்கியுள்ளதா என்பதை நிர்வாகக் குழுவினர் இப்போதே பார்ப்பது நலம்.

1904 ஆம் ஆண்டில் இம்மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியபோது, ஒருவர் பொருளை மற்றவர் காப்பார் என்ற நம்பிக்கையே அதன் முதல். கிடங்கின் சாவி ஒருவரிடம் இருக்கலாம். உள்ளிருக்கும் சரக்கு நம் அனைவருடையது. அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவைக் கேட்குமுன், அடிமூட்டையின் நிலையை அங்கத்தினர்கள் கேட்பார்களாக.